பெட்டிக்கடை மிட்டாய் வீட்டில் ஏன் சரியாக வருவதில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: கமர்கட், கடலை மிட்டாய், தேன் மிட்டாய், பொரி உருண்டை என்று பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்றதையெல்லாம் வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க ஆசை. அளவு பிசகாமல்தான் போடுகிறோம். ஆனாலும் கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது, கமர்கட் மறுநாளே கசிகிறது, பொரி உருண்டை சாயங்காலத்துக்குள் நமத்துப் போகிறது. எங்கே தப்பு?

அளவில் தப்பு இல்லை. வெல்லம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இனிப்புதான் மாறும், மிட்டாய் கெடாது. கெடுவது பாகில். இந்தத் தின்பண்டங்கள் எல்லாமே ஒரே பாகு வெவ்வேறு இடத்தில் நிறுத்தப்பட்டதால் கிடைப்பவை. எங்கே நிறுத்துவது என்பது பிடிபட்டுவிட்டால் அளவுச் சீட்டே தேவைப்படாது.

பாகு காய்ச்சுவது என்பது தண்ணீரை விரட்டும் வேலை. கரைந்த வெல்லம் கொதிக்கும்போது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகப் போகிறது. தண்ணீர் குறையக் குறைய கொதிநிலை ஏறும். சுமார் 105 டிகிரி செல்சியஸில் இரண்டு விரலுக்கு நடுவே இழை வரும். அது கம்பிப் பதம், அப்போது பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இன்னும் இருக்கிறது. 112 முதல் 116 வரை இளம் உருட்டுப் பதம். தண்ணீரில் விட்ட சொட்டை விரலால் திரட்டினால் உருளும், வெளியே எடுத்தால் தளர்ந்து சரியும். இதைத் தக்காளிப் பதம் என்றும் சொல்வார்கள். 121 முதல் 130 வரை கெட்டி உருட்டுப் பதம். உருட்டிய மணி நிமிர்ந்து நிற்கும், தட்டில் போட்டால் சத்தம் கேட்கும். 145க்கு மேல் உடையும் பதம். சொட்டு கண்ணாடிச் சில்லு மாதிரி முறியும், தண்ணீர் நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

பெரும்பாலான கடலை மிட்டாய் கெடுவது இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில். “தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும்” என்று வழிவழியாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சத்தம் 130 டிகிரியிலேயே வந்துவிடும். கமர்கட்டுக்கு அது போதும். கடலை மிட்டாய்க்குப் போதாது. 130க்கும் 140க்கும் நடுவே இறக்கிய பாகு ஆறினால் பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும், வாயின் சூடு பட்டதும் இளகி கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடலை மிட்டாய்க்குச் சத்தத்தை நம்பாமல் பல்லை நம்புங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சொட்டைக் கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும், மெல்லும்போது ஒட்டவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதிப் பேருக்கு மிட்டாய் சரியாக வந்துவிடும்.

சோதிக்கும் தண்ணீர் சாதாரணக் குளிர்ச்சியில் இருக்கட்டும். ஐஸ் தண்ணீரில் விட்டால் வேகாத பாகும் கெட்டியாகத் தெரிந்து ஏமாற்றும். ஒவ்வொரு தடவையும் தண்ணீரை மாற்றுங்கள், பார்க்கிற நேரத்தில் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். முதல் பத்து டிகிரி ஏற நேரமாகும், கடைசி இருபது டிகிரி இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்துவிடும். சர்க்கரைப் பாகுக்கென்று விற்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் மேலே சொன்ன எண்களை அப்படியே பிடிக்கக் கூடாது. அங்கே தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும், ஆகவே ஒவ்வொரு பதமும் 7, 8 டிகிரி முன்னதாகவே வரும். தண்ணீர்ச் சொட்டுச் சோதனைக்கு அந்தக் குழப்பம் கிடையாது, எந்த ஊரிலும் ஒரே பதில்தான்.

அடுத்தது வெல்லம். கடையில் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைக் கை தேடிப் போகும். இந்த வேலைக்கு அது வேண்டாம். அந்த நிறத்துக்காகக் கரும்புச் சாறு காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட் போட்டு வெளுக்க வைக்கிறார்கள். பாகு வெல்லம் என்று கேட்டால் அடர்ந்த பழுப்பில், கொஞ்சம் இளகலாகத் தருவார்கள். அதில் பாதியும் கெட்டியான உருண்டை வெல்லம் பாதியும் கலந்தால் மணமும் இறுக்கமும் சேர்ந்து வரும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் வெல்லத்தை வாங்காதீர்கள். அதன் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுக்கும். ரொம்ப நாள் கிடந்து கசிந்த வெல்லமும் அப்படியே. காரணம் உண்டு. வெல்லத்தில் இருக்கும் சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்திருக்கும். கொஞ்சம் பிரிந்திருப்பது நல்லது, பாகு பூத்து மணல் மணலாகப் போகாமல் அதுதான் காக்கிறது. வெள்ளைச் சீனியில் அது இல்லாததால்தான் சீனிப் பாகு சட்டென்று பூத்துவிடுகிறது. ஆனால் பிரிந்தது அதிகமானால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும், மிட்டாய் கசியும். பழைய வெல்லத்தின் புளிப்பு இந்தப் பிரிவை இன்னும் கூட்டும்.

எந்த வெல்லமானாலும் முதலில் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுத்தான் காய்ச்ச வேண்டும். மண்ணும் சக்கையும் பல்லில் நெருடும் என்பதோடு, அடியில் தங்கித் தீய்ந்து கசப்பும் ஏற்றும். அடி கனத்த இரும்புச் சட்டி அல்லது பித்தளை உருளி நல்லது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் நடுவில் தீயும்போது ஓரம் இன்னும் பதத்துக்கே வந்திருக்காது.

கடலை மிட்டாய் என்றால் கோவில்பட்டிதான், 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, அதன் மேலே தூவிய தேங்காய்ப் பூ, இரண்டும் அதன் அடையாளம். வீட்டு அளவு சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய கடலை 250 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர், அதாவது 50 மில்லி. தண்ணீரை அதற்கு மேல் ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை, ஊற்றியதையெல்லாம் நீங்களேதான் விரட்ட வேண்டும்.

கடலையைச் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் வறுக்க வேண்டும். பெரிய தீயில் வறுத்தால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். மணல் போட்டு வறுத்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் ஏறும், மணல் வசதி இல்லையென்றால் கல்லுப்பு போட்டு வறுத்துச் சலித்துக்கொள்ளலாம். தேய்த்துத் தோலைப் புடைத்த பிறகு இரண்டு வேலை பாக்கி. ஒன்று, சொத்தைக் கடலையையும் சிக்கு வாடை அடிப்பதையும் பொறுக்குவது. ஒரே ஒரு கெட்ட கடலை ஒரு துண்டையே கசக்க வைக்கும். இரண்டு, சல்லடையில் சலித்துப் பொடியை நீக்குவது. இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்தப் பொடி பாகைக் குடித்துவிடும், கடலையோடு கடலை ஒட்டப் பாகு மிஞ்சாது, வெட்டும்போது மிட்டாய் பொலபொலவென்று உதிரும்.

பாகு காயும்போதே கடலையைப் பக்கத்தில் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். ஆறிய கடலையைப் போட்டால் பாகு அதன் மேல் பட்ட இடத்திலேயே இறுகிவிடும், கிளறவே முடியாது. வடிகட்டிய வெல்லத் தண்ணீர் முதலில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும், பிறகு குமிழ் சிறுத்து நெருங்கும், நிறம் இறங்கும், கரண்டியிலிருந்து நாடா போல விழும். அங்கிருந்து சோதனையைத் தொடங்குங்கள். கடித்துப் பார்த்துச் சுத்தமாக உடையும் நொடியில், ஆசைப்பட்டால் இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு ஒரு சுற்று கிளறலாம். பாகு நுரைத்து நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உள்ளே சிக்கும், மிட்டாய் மொறுமொறுப்பாகக் கடிபடும். நிறம் கொஞ்சம் கறுக்கும். சோடா இல்லாமலும் நன்றாகவே வரும், வெல்லம் தரமாக இருந்தால் நான் சோடா வேண்டாம் என்பேன்.

உடனே அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டி, இருபது எண்ணுவதற்குள் கிளறி, நெய் தடவிய தட்டிலோ அரிசி மாவு தூவிய பலகையிலோ கவிழ்த்து, எண்ணெய் தடவிய பூரிக்கட்டையால் தேய்த்துவிடுங்கள். கத்திக் கோடு போட இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். முழுக்க ஆறிய பின் கத்தி வைத்தால் தாறுமாறாக உடையும். தேங்காய்ப் பூ தூவுவதென்றால் உலர்ந்த கொப்பரைத் துருவல் மட்டும். பச்சைத் தேங்காய் இரண்டு நாளில் ஊசிவிடும்.

கமர்கட் இன்னொரு குணம் உள்ளது. அதைக் கடிக்கவும் முடியக் கூடாது, கண்ணாடி மாதிரி சில்லாக உடையவும் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் சப்பச் சப்பக் கரைய வேண்டும். அதனால் அதன் இடம் கெட்டி உருட்டுப் பதத்தின் மேல் எல்லை. சொன்னால் எளிதாகத் தெரிகிறது, ஆனால் கடலை மிட்டாயைவிட அதிகம் பேர் இதில்தான் தோற்கிறார்கள். காரணம் தேங்காய். ஒரு கப் துருவல் 80 கிராம் இருக்கும், அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நீங்கள் பாகை அழகாகப் பதத்துக்குக் கொண்டுவந்து துருவலைக் கொட்டிய நொடியில் 40 மில்லி தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். பாகு மறுபடி கம்பிப் பதத்துக்கே போய்விடும். அந்த நிலையில் “பாகுதான் ஏற்கெனவே பதம் பார்த்தாயிற்றே” என்று இறக்கி உருட்டினால் அன்று உருண்டை நிற்கும், மறுநாள் தட்டில் கசிந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முற்றிய தேங்காயாக எடுத்து, ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் வெள்ளையை மட்டும் துருவி, வெறும் சட்டியில் சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் புரட்டி ஈரத்தை வாட்டுங்கள். சிவக்க விடக் கூடாது. வாட்டிய துருவல் ஒரு கப், பொடித்த வெல்லம் ஒரு கப் (200 கிராம்), தண்ணீர் கால் கப், நெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி கால் தேக்கரண்டி. வெல்லப் பாகு கெட்டி உருட்டுப் பதம் வந்ததும் தேங்காயைச் சேர்த்து, கை விடாமல் கிளறி இன்னும் ஆறேழு நிமிடம் காய்ச்ச வேண்டும். இப்போதுதான் உண்மையான சோதனை. தேங்காயோடு சேர்ந்த ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு உருட்டித் தட்டில் எறிந்தால் கோலி மாதிரி ‘டக்’கென்று கேட்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. இறக்கும்போது நெய்யும் சுக்கும் சேருங்கள்.

உருட்டும்போது கை சுடும், அதற்கு மாற்று வழி கிடையாது. நெய் தடவிய தட்டில் கொட்டி, ஓரம் முதலில் ஆறும் என்பதால் ஓரத்தைக் கரண்டியால் நடுவுக்கு மடித்துக்கொண்டே, பொறுக்கும் சூடு வந்ததும் நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி உருட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும். பாதியில் இறுகிப் போனால் தட்டோடு சூடான தோசைக்கல் மேல் அரை நிமிடம் வைத்தால் இளகும். தண்ணீர் தெளித்து இளக்காதீர்கள். இந்த அளவுக்கு 25 முதல் 30 உருண்டை வரும்.

பொரி உருண்டையைக் கார்த்திகை தீபத்துக்குச் செய்கிறவர்கள் நெல் பொரியிலோ அவல் பொரியிலோ செய்வார்கள், மற்ற நாளில் சாதாரண அரிசிப் பொரி. எட்டுக் கப் பொரிக்கு ஒரு கப் வெல்லம். பொரியை முதலில் வெறும் சட்டியில் சூடேற்றி, விரலால் நசுக்கினால் நொறுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெல் பொரியில் உமியைப் பொறுக்கப் பொறுமை வேண்டும். பாகு கெட்டி உருட்டுப் பதம். அதற்கு முன்னால் இறக்கினால் பாகிலுள்ள தண்ணீர் மெல்ல மெல்லப் பொரிக்குள் இறங்கிவிடும், நமத்துப் போவது இதனால்தான். பொரி சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதம் தாண்டி உடையும் பதத்துக்குப் போனால் நான்கு உருண்டை பிடிப்பதற்குள் மிச்சம் உதிர்ந்துவிடும். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, முதலில் லேசாகச் சேர்த்து, அரை நிமிடம் கழித்து அதையே மறுபடி இறுக்கிப் பிடித்தால் கெட்டியாக நிற்கும். தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்ப்பதென்றால் தேங்காய்ப் பல்லை நெய்யில் சிவக்க வறுத்துச் சேருங்கள்.

எள்ளுருண்டைக்கும் பொட்டுக்கடலை உருண்டைக்கும் இதே பதம், இதே வேலைதான்.

தேன் மிட்டாயில் தேன் கிடையாது, பாகும் வெல்லப் பாகு கிடையாது. இட்லி அரிசி ஒரு கப், உளுந்து கால் கப், இரண்டையும் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வடை மாவு போலக் கெட்டியாக அரைத்த மாவு. ஒரு சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. புளிக்க வைக்க வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்துச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி மிதமான எண்ணெயில் போட்டால் இரு மடங்காக உப்பும். மாவு தளர்ந்திருந்தால் எண்ணெய் குடிக்கும். உளுந்து கூடினால் பஞ்சு போலாகிப் பாகு தங்காது. அரிசி கூடினால் கல். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும், அந்த உருண்டைக்குள் பாகு நுழையாது. நன்றாக வெந்த உருண்டை உள்ளே கூடாக இருக்கும். பாகு போய்த் தேங்குவதும், கடித்ததும் வழிவதும் அந்தக் கூட்டில்தான்.

பாகுக்குச் சீனி ஒன்றரைக் கப், தண்ணீர் முக்கால் கப், பூக்காமல் இருக்க அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஒரு கம்பி வருவதற்குச் சற்று முன்னால், விரலில் பிசுக்கென்று ஒட்டும்போதே நிறுத்திவிடுங்கள். கம்பி தாண்டிவிட்டால் பாகு மேலேயே படிந்து நின்றுவிடும், உள்ளே வெறும் மாவுச் சுவைதான் இருக்கும். பொரித்த உருண்டையும் சூடு, பாகும் சூடு என்று இருக்கும்போதே போட்டு, கரண்டியால் லேசாக அமுக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்துச் சீனியில் புரட்டலாம்.

அந்தச் செம்மஞ்சள் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பீட்ரூட் சாறு சேர்த்தால் பொரிக்கும் சூட்டில் நிறம் பழுத்து மங்கிவிடும், அதனால் அது உதவாது. நிறமே இல்லாமல் செய்வதைத்தான் பரிந்துரைப்பேன், சுவையில் எள்ளளவும் குறையாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது ரோடமின்-பி என்கிற சாயம் அதில் இருந்ததால்தான். அது துணிக்குப் போடும் சாயம், எந்தத் தின்பண்டத்துக்கும் அனுமதி இல்லாதது. நிறம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் உணவுக்கென்று அனுமதி பெற்ற நிறத்தை, டப்பாவின் மேல் அச்சிட்டதைப் படித்து, ஊசிமுனை அளவு மட்டும் போடுங்கள்.

வெல்லப் பாகு வரிசையின் கீழ்க்கோடியில் நிற்பது அதிரசம். ஒரு கிலோ மாவு பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். இரண்டு மணி நேரம் ஊறிய அரிசியை நிழலில் ஆற்றி, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் ஈரத்தில் இடித்த மாவு, அதில் இளம் உருட்டுப் பதப் பாகு. எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்தால் பாகு காயவில்லை என்று பொருள், ஈர மாவு இன்னும் ஒரு பிடி சேர்த்துப் பிசையுங்கள். தட்டினால் ஓரம் வெடித்து, பொரித்தால் கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது, கொஞ்சம் பால் தெளித்துப் பிசைந்து சில மணி நேரம் விடலாம். பிசைந்த மாவு குறைந்தது ஒரு நாள் இருக்கட்டும். மாவு பாகைக் குடித்து இளகச் சமயம் தராமல் அன்றைக்கே சுட்டால் நல்ல பதமும் வீணாகும்.

ஏற்கெனவே செய்து ஒட்டிப் போன கடலை மிட்டாய் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். துண்டுகளை இரும்புச் சட்டியில் போட்டு, தண்ணீர் சேர்க்காமல், மிகச் சிறுதீயில் கிளறினால் இளகும். மூன்று நான்கு நிமிடத்தில் மிச்சமிருந்த தண்ணீரும் போய்விடும், ஒரு துளியைக் கடித்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்து வெட்டலாம். கடலை இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். கசிந்த கமர்கட்டுக்கும் இதே வைத்தியம். செய்ததை முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும் நீரே போதும் கெடுப்பதற்கு. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் செய்வதாக இருந்தால் துண்டுகளுக்கு நடுவே எண்ணெய்த் தாள் போட்டு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஈரக் கையை மட்டும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டால் கடலை மிட்டாய் மூன்று வாரம் வரை மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும்.